பெட்டியில் வைக்க வேண்டியது எது?

கொல்கத்தாவில் கங்கைக் கரையோரம் பிரின்செப் படித்துறை இருக்கிறது. பிராமி எழுத்துகளைப் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக 1840-களில் எழுப்பப்பட்ட தூண் மண்டபம் அது. இன்று நதி மண்டபத்தை விட்டுச் சற்று விலகி ஓடுகிறது. 1992-இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலம் அருகே உயர்ந்து நிற்கிறது. மாலை வேளையில் காற்று வாங்க வருவோர் பலர். அங்கிருந்து 1899 ஜூன் 20 அன்று புறப்பட்ட ஒரு பயணத்தை நினைப்போர் அவர்களுள் சிலரே.

அன்று சுவாமி விவேகானந்தர் இரண்டாம் முறையாக மேலைநாடுகளுக்குக் கப்பலேறினார். உடன் சென்றவர்கள் அவருடைய சகோதரத் துறவியான சுவாமி துரியானந்தரும், சகோதரி நிவேதிதையும். முந்தின நாள் மாலை பேலூர் மடத்து இளந்துறவியர் அவர்களுக்குப் பிரியாவிடை அளித்தனர். அப்போது சுவாமிஜி துறவின் லட்சியத்தைப் பற்றி அவர்களிடம் பேசினார். புறப்படும் நாளின் நண்பகலில் அன்னை ஸ்ரீசாரதாதேவி தமது கல்கத்தா இல்லத்தில் துறவியருக்கு அன்புடன் விருந்தளித்தார். அன்னையின் ஆசியைப் பெற்றுக்கொண்டு அவர்கள் படித்துறைக்கு வந்தனர். அங்கே 'கோல்கொண்டா' என்ற நீராவிக் கப்பல் காத்திருந்தது.

இப்பயணத்திற்கான ஏற்பாடுகளின்போது சிறு நிகழ்ச்சி ஒன்று நடந்தது. வேதாந்தத்தைப் போதிக்கச் செல்கிறோமே என்று எண்ணிய துரியானந்தர், சாஸ்திர நூல்கள் சிலவற்றை உடன் எடுத்துச் செல்ல விரும்பினார். நியாயமான விருப்பம்தான். ஆனால் சுவாமிஜி அதற்கு இசையவில்லை. புத்தகங்களையும் புலமையையும் அம்மக்கள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். சென்ற முறை அவர்கள் கண்டது ஒரு போர்வீரனை. இந்த முறை ஓர் உண்மையான பிராமணரை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் கூறியதன் கருத்து.

நெடும்பயணத்திற்குப் பெட்டி கட்டும் எவரும் சற்று நின்று சிந்திக்க வேண்டிய பதில் இது.

தேவை என்பது என்ன?

சுவாமிஜி நூல்களுக்கு எதிரானவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவர் வாழ்நாள் முழுவதும் நூல்களைக் கற்றவர். 'உத்போதன்' என்ற வங்க மொழிப் பத்திரிகை அவருடைய தூண்டுதலால் அதே 1899-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் தொடங்கியிருந்தது. நூல் தேவையற்றது என்று அவர் கூறவில்லை. இந்தப் பயணிக்கு, இந்தப் பணிக்கு அது தேவையில்லை என்றே கூறினார்.

எனவே 'தேவையானது' என்ற தன்மை பொருளில் இல்லை. யார் போகிறார், எதற்காகப் போகிறார் என்ற இரு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலே ஒரு பொருளைத் தேவையாக்குகிறது அல்லது சுமையாக்குகிறது. நாம் பெரும்பாலும் இந்த இரு கேள்விகளையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறோம்: 'அங்கே இது கிடைக்காமல் போனால் என்ன செய்வது?' இக்கேள்விக்கு முடிவே இல்லை. கிடைக்காமல் போகக்கூடிய பொருட்களின் பட்டியல் உலகத்தின் அளவுக்குப் பெரியது!

தென் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றிப் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்து வருகின்றனர். அங்கே ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். அயல்நாட்டில் வசிக்கும் மகளின் பிரசவத்திற்கு உதவத் தாய் புறப்படுகிறார். ஆறு மாதம் தங்க வேண்டும். பல விமான நிறுவனங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பதுதான் வரம்பு. சுக்கும் திப்பிலியும் உள்ளே போகின்றன. ஊறுகாயும் வற்றலும் போகின்றன. பெட்டியைத் தராசில் வைக்கிறார்கள், 27 கிலோ. எதை வெளியே எடுப்பது? எதைத் தொட்டாலும் 'அது வேண்டும்' என்று மனம் சொல்கிறது. நள்ளிரவு வரை பெட்டி திறந்தே கிடக்கிறது.

இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் விவேகம் என்று சாஸ்திரங்கள் கூறும் பகுத்தறியும் ஆற்றலுக்கு இல்லறத்தார் வீட்டில் இதைவிடத் தெளிவான தேர்வு வேறு இல்லை. வாழ்க்கை முழுவதும் தள்ளிப்போட்ட கேள்வியை 23 கிலோ என்ற எண் ஒரே இரவில் கேட்டுவிடுகிறது.

குறைவாக இருப்பதே துறவா?

அப்படியானால் எவ்வளவு குறைவாக எடுத்துச் செல்கிறோமோ அவ்வளவு நல்லது என்று முடிவு செய்துவிடலாமா? அதுவும் சரியன்று. சுவாமிஜியின் முதல் பயணமே இதற்குச் சான்று.

1893 மே 31 அன்று அவர் பம்பாயிலிருந்து புறப்பட்டார். சென்னை அன்பர்கள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியிருந்தனர். கேத்ரி மன்னர் பட்டாடையும் முதல் வகுப்புப் பயணச் சீட்டும் கிடைக்கச் செய்திருந்தார். அதுவரை தண்டமும் கமண்டலமும் ஓரிரு நூல்களுமாகப் பாரதம் முழுவதும் திரிந்தவர், முதன்முறையாகப் பெட்டிகளுக்கு உடைமையாளர் ஆனார். பொருட்களை வைத்துக் காப்பது தமக்குப் புதிய வாழ்க்கை என்றும், அது தம் சக்தியைப் பெரிதும் உறிஞ்சும் பெருந்தொல்லை என்றும் ஜூலை 10 அன்று யோகோஹாமாவிலிருந்து சென்னை அன்பர்களுக்கு எழுதினார்.

இத்தனை பெட்டிகள் இருந்தும் வேண்டியது இல்லை! வட பசிபிக் கடலில் குளிர் வாட்டியது. போதிய கம்பளி உடை இல்லாமல் அவர் மிகவும் துன்புற்றார். சிகாகோ சர்வசமயப் பேரவையில் கலந்துகொள்வதற்கு வேண்டிய சான்றுக் கடிதமும் அவரிடம் இல்லை. ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் முன்வந்து பரிந்துரைக் கடிதம் தந்திராவிட்டால் அந்த வாயில் திறந்திருக்குமா என்பது ஐயமே. அன்பர்களுக்கு அன்பு குறைவில்லை, அனுபவம்தான் இல்லை. போகும் இடத்தின் குளிரையும் நடைமுறையையும் அவர்கள் அறிந்திருக்கவில்லை.

இத்துன்பத்தைத் தவத்தின் அடையாளமாகச் சுவாமிஜி போற்றவில்லை. குளிருக்கு உடை வேண்டும் என்பதை வெளிப்படையாகவே எழுதினார். உடல் ஒரு கருவி. கருவிக்கு உரியதைத் தராதவன் பணியைக் கெடுக்கிறான். முதியவர் ஒருவர் தமது இரத்த அழுத்த மாத்திரையை, 'எல்லாம் இறைவன் பார்த்துக்கொள்வான்' என்று வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அது சரணாகதி ஆகாது. தாம் தங்கப்போகும் வீட்டாரின் தலையில் சுமையை ஏற்றுவதே ஆகும்.

யோகமும் க்ஷேமமும்

கீதை 'யோகக்ஷேமம்' என்ற சொல்லை இரண்டு இடங்களில் ஆள்கிறது. அடையாததை அடைவது யோகம், அடைந்ததைக் காப்பது க்ஷேமம் என்று ஸ்ரீசங்கரர் அதற்கு விளக்கம் தருகிறார். மனிதனின் கவலைகள் அனைத்தும் இந்த இரண்டில் அடங்கிவிடுகின்றன. ஓரிடத்தில் கீதை அர்ஜுனனை இக்கவலைகள் அற்றவனாக இருக்கச் சொல்கிறது. மற்றோரிடத்தில், தன்னையே நினைப்பவர்களின் யோகக்ஷேமத்தைத் தானே தாங்குவதாக இறைவன் வாக்களிக்கிறான்.

இங்கே விடச் சொல்வது கவலையையே அன்றி, செயலை அல்ல. கம்பளியைப் பெட்டியில் வைப்பது செயல். கம்பளி மீது கம்பளியாக அடுக்கியும் தூக்கம் வராதது கவலை. பணிக்கு வேண்டியதை எடுத்து வைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பணி எதுவோ அதுவே எல்லை. அச்சத்திற்காக எடுத்து வைப்பதற்கு எல்லை இல்லை. அபரிக்கிரகம் என்று யோக நூல் கூறும் ஒழுக்கம் இந்த இரண்டாவது வகையை அறுப்பதே ஆகும். பெட்டி காலியாக இருந்தும் மனம் நிறைய அச்சத்தைச் சுமப்பவன் அபரிக்கிரகி அல்லன்.

இரண்டு மூட்டைகளும் சிறிது கங்கை நீரும்

'கோல்கொண்டா' ஜூன் 24 அன்று சென்னைக்கு வந்தது. கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியிருந்ததால் அங்கிருந்து வந்தவர்கள் கரையிறங்கத் தடை இருந்தது. அன்பர்கள் படகுகளில் வந்து சுவாமிஜியைத் தரிசித்துச் சென்றனர். அளசிங்கப் பெருமாளுக்கோ அது போதவில்லை. 'பிரம்மவாதின்' பத்திரிகை குறித்துச் சுவாமிஜியிடம் ஆலோசிக்க வேண்டியிருந்தது. அவர் பயணச்சீட்டு வாங்கிக் கப்பலிலேயே ஏறிக் கொழும்பு வரை உடன் சென்றார்.

அவர் எடுத்து வந்த பயணப் பொருட்களைச் சுவாமிஜி தமது பயணக் குறிப்புகளில் நகைச்சுவையுடன் வருணிக்கிறார். ஒரு மூட்டையில் அவல். மற்றொன்றில் பொரியும் வறுத்த பட்டாணியும். கப்பல் உணவைத் தொடாமல் ஆசாரத்தைக் காத்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. சிரித்த அதே கையோடு, அளசிங்கரைப் போன்ற தன்னலமற்ற உழைப்பாளியை, குருபக்தி மிக்கவரை உலகில் காண்பது அரிது என்றும் சுவாமிஜி எழுதுகிறார்.

சுவாமிஜியும் முன்பு ஒரு பொருளை ஊரிலிருந்து எடுத்துச் சென்றிருந்தார். முதல் பயணத்தில் தம்முடன் சிறிது கங்கை நீர் இருந்ததாகவும், மேலைநாட்டு மக்கள் வெள்ளத்தின் இரைச்சலுக்கு நடுவே அதில் சில துளிகளைப் பருகும்போதெல்லாம் மனம் அமைதியுற்றதாகவும் அதே குறிப்புகளில் கூறுகிறார்.

கங்கை நீரும் அவலும் இரண்டுமே தாயகத்தின் பொருட்கள்தாம். ஆனால் ஒன்று வேர், மற்றொன்று வேலி. கங்கை நீர் சுவாமிஜியை அம்மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. மனத்தை நிலைநிறுத்தி மீண்டும் அவர்கள் நடுவே அனுப்பியது. அவல் மூட்டையோ பிறருக்கும் தமக்கும் இடையே ஒரு கோட்டை வரைந்தது. ஆயினும் அளசிங்கரிடம் குறை காண எவருக்கும் தகுதியில்லை. ஆசாரம் அவர் கையில் மூட்டையைக் கொடுத்தது உண்மை. ஆனால் அது அவரைக் கரையில் நிறுத்திவிடவில்லை. குருவின் பணி அழைத்தபோது அவர் மூட்டையோடு கப்பலேறினார். நாம் கவலைப்பட வேண்டியது புறப்படவே விடாத மூட்டைகளைப் பற்றித்தான்.

நூல் இல்லாமல் சென்றவர்

சுவாமி துரியானந்தர் இளமை முதலே ஆசார சீலர், தவத்தில் தோய்ந்தவர். கீதையின் ஒரு சுலோகத்தை எடுத்துக்கொண்டால் அதன் பொருள் தமதாகும் வரை பல நாட்கள் அதையே தியானிப்பது அவருடைய வழக்கம். மேலைநாடு செல்ல அவருக்கு விருப்பமே இருக்கவில்லை. பணியின் பாரத்தால் தம் உயிர் தேய்வதைச் சுவாமிஜி கண்ணீருடன் கூறி உதவி கேட்ட பிறகே இசைந்தார். அத்தகையவரின் பெட்டியில் நூல் எதற்கு? வேண்டிய நூல் ஏற்கெனவே அவருள் இருந்தது.

1900 ஆகஸ்டில் அவர் சுமார் பன்னிரண்டு மாணவர்களுடன் கலிபோர்னியாவின் சான் அன்டோனியோ பள்ளத்தாக்கிற்குச் சென்றார். பக்தை ஒருவர் அளித்த 160 ஏக்கர் நிலத்தில் சாந்தி ஆசிரமம் தொடங்க வேண்டும். ஊரும் ரயிலும் வெகு தொலைவில். போதிய தங்குமிடம் இல்லை. அருகில் தண்ணீரும் இல்லை. தம்மை நம்பி வந்தவர்களின் நிலையைக் கண்டு துரியானந்தரே கலங்கிவிட்டார். 'தாயே, இவர்களை என்ன செய்யப் போகிறாய்?' என்ற பொருள்பட அன்னை பராசக்தியிடம் முறையிட்டார். அப்போது மாணவி ஒருவர், அன்னையிடம் நம்பிக்கையை இழந்துவிட்டீர்களா என்று அவரையே கேட்டார். அந்த உறுதியில் மகிழ்ந்த துரியானந்தர் அவருக்குச் 'சிரத்தா' என்று பெயரிட்டார்.

அவர் கொண்டு சென்றது எது என்பது அந்த வினாடியில் வெளிப்பட்டது. எந்தப் பெட்டியிலும் இல்லாத நம்பிக்கை ஆசிரியரிடமிருந்து மாணவிக்குச் சென்றிருந்தது. ஆசிரியருக்கே அது தேவைப்பட்டபோது மாணவியிடமிருந்து திரும்பி வந்தது. பொருளைக் கொடுத்தால் குறையும். இது கொடுத்த இடத்தில் பெருகி, கொடுத்தவரையும் காத்தது.

தராசு காட்டாத எடை

லேக் மார்க்கெட் வீட்டில் இன்னும் திறந்து கிடக்கும் பெட்டிக்குத் திரும்புவோம். சுக்கும் திப்பிலியும் போகட்டும். அவை பணிக்கு உரியவை. மகளுக்குப் பிடித்த ஊறுகாய் ஒரு பாட்டில் போகட்டும், அது அன்பு. ஆனால் தராசு காட்டாத பொருட்கள் சில அத்தாயுடன் புறப்படக் காத்திருக்கின்றன. 'என் வீட்டில் நடப்பது போலவே அங்கும் நடக்க வேண்டும்' என்ற எதிர்பார்ப்பு. மருமகனின் பழக்கங்கள் மீது ஏற்கெனவே எழுதி முடித்த தீர்ப்பு. ஆறு மாதமும் அந்த வீட்டைக் கனக்கச் செய்யப்போவது இவைதாம். முதலில் வெளியே எடுக்க வேண்டியவையும் இவைதாம்.

மேற்படிப்புக்குப் புறப்படும் மாணவனுக்கும் இது பொருந்தும். அவன் பெட்டியில் பாட்டி மறக்காமல் ஜபமாலையை வைத்துவிடுவார். மாலை அங்கு போய்ச் சேரும். ஜபம் போய்ச் சேருமா? புறப்படும் நாளுக்கு முன்பே, வீட்டிலேயே, தினமும் காலையில் பத்து நிமிடமாவது அமர்ந்து பழகியிருந்தால்தான் அது அவனுடன் கடல் கடக்கும். அந்தப் பழக்கத்தை விமான நிலையத்துக் கடையில் வாங்க முடியாது. கடைசி இரவில் பெட்டியில் திணிக்கவும் முடியாது.

எனவே பெட்டியைக் கட்டும் முன் யார் போகிறார், எதற்காகப் போகிறார் என்று கேட்போம். உடலுக்கு உரியதை உடலுக்குக் கொடுப்போம். அச்சம் எடுத்து வைத்ததை அமைதியாக வெளியே எடுப்போம். மிச்சமுள்ள இடத்தைக் கண்டு கவலைப்பட வேண்டாம். 1899-இல் கல்கத்தாவிலேயே தங்கிவிட்ட அந்தப் புத்தகங்களால் ஓர் ஆசிரமமும் குறைவுபடவில்லை.