அழகிய கடனும் உழைக்கும் பெண்களும்



தனக்கு அழகிய கடன் கொடுப்பவர் யார் என்று அல்லாஹு தஆலா திருமறையில் ஓரிடத்தில் மட்டும் கேட்கவில்லை. அல்பகராவிலும் கேட்கின்றான், அல்ஹதீதிலும் கேட்கின்றான். வானங்களுக்கும் பூமிக்கும் அதிபதியானவனுக்கு நம்முடைய கடன் எதற்கு? தேவையுள்ள அடியாருக்குக் கொடுப்பதைத் தன் கணக்கில் வரவு வைத்துக் கொள்ளும் ரஹ்மத் அது. நாமோ தர்மம் என்றால் பையைத் திறக்கின்றோம். கடன் என்றால் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றோம். யாசகம் கேட்டு வருகிறவளுக்கு உடனே ஒரு ரூபாய். தையல் மிஷின் வாங்கக் கடன் கேட்டு வருகிறவளுக்கு ஆயிரம் கேள்விகள்!

பங்களாதேஷில் 1974-ஆம் ஆண்டு கொடிய பஞ்சம் வந்தது. அதன்பின் 1976-இல் சிட்டகாங் பல்கலைக் கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் முகம்மது யூனுஸ், பக்கத்திலிருந்த ஜோப்ரா என்னும் கிராமத்தில் வீடு வீடாக விசாரித்தார். அங்கே மூங்கில் முக்காலி செய்யும் ஒரு பெண்மணி. மூங்கில் வாங்கக் கையில் காசில்லை. தரகனிடம் கடனுக்கு வாங்கி, செய்த முக்காலியை அவனிடமே, அவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். நாளெல்லாம் உழைத்தால் மிஞ்சியது 50 பைசா. இவ்வாறு சிக்கிக் கிடந்தவர்கள் அந்த ஊரில் 42 பேர். அத்தனை பேருடைய கடனையும் கூட்டினால் 856 டாக்கா, ஏறக்குறைய 27 டாலர்! ஒரு விருந்துக்கு ஆகும் செலவு 42 குடும்பங்களைக் கட்டிப் போட்டிருந்தது. பேராசிரியர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த முயற்சி 1983-இல் கிராமீன் வங்கி ஆயிற்று. கடன் பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2006-இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஆனால் அந்த வங்கி வட்டி வாங்குகிறது என்பதை நாம் மறந்துவிட இயலாது. ஏழைக்கு உதவும் வட்டி என்பதற்காக வட்டி ஹலாலாகி விடாது. அதைப் பார்த்துப் பிற நாடுகளில் எழுந்த கம்பெனிகளில் சில, இலாபத்தையே குறியாகக் கொண்டன. ஆந்திராவில் 2010-இல் என்ன நடந்தது? வாரத் தவணை கட்ட முடியாத பெண்களைக் குழுவிலுள்ள மற்றப் பெண்களே நெருக்கும்படி ஆயிற்று. தற்கொலைகள் நடந்தன. அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. கடன்பட்டவருடைய வீட்டுச் சுவரின் நிழலில் நிற்கவும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அஞ்சினார்கள் என்று சொல்லப்படுவதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

வட்டியில்லாமல் இது நடக்குமா? நடக்கின்றது. லாகூரில் 2001-ஆம் ஆண்டு டாக்டர் அம்ஜத் ஸாகிப் ஒரு விதவைக்கு 10,000 ரூபாய் கடன் கொடுத்தார். அந்தப் பெண்மணி தர்மம் கேட்கவில்லை, கடனே கேட்டார். உழைத்துத் திருப்பியும் கொடுத்தார். அதுவே ‘அகுவ்வத்’ என்னும் ஸ்தாபனத்தின் தொடக்கம். மதீனாவில் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள் அல்லவா, அதை நினைந்து வைத்த பெயர். ஆண், பெண் இருபாலாருக்கும் மஸ்ஜிதில் வைத்தே கடன் வழங்குகிறார்கள். முஸ்லிமல்லாதாருக்கும் கொடுக்கிறார்கள், மாதா கோவிலில் வைத்தும் கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கு 99-க்கு மேல் திரும்பி வருகின்றதாம். அல்லாஹ்வின் வீட்டில் வாங்கிய பணமல்லவா! 2021-இல் ஸாகிபுக்கு மகஸேஸே விருது கிடைத்தது.

பெண் சம்பாதிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கின்றார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) கைத்தொழில் செய்து ஈட்டியவர்கள். கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடலாமா என்று கேட்டபோது, அதற்கு உறவைப் பேணிய கூலியும் தர்மத்தின் கூலியும் உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள். பெண் ஈட்டியதில் பெண்ணுக்கே பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் தரும் உரிமை. இதைக் கணவன்மார்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். பங்களாதேஷில் ஆராய்ந்தவர்கள் கண்ட குறை என்ன தெரியுமா? கடன் மனைவி பெயரில், பணம் கணவன் கையில்! தவணை மட்டும் அவள் தலையில்.

உங்கள் மஹல்லாவில் பத்துப் பேர் சேர்ந்து இத்தகைய நிதி ஒன்றைத் தொடங்க எண்ணினால், கடனை எழுதி, சாட்சி வையுங்கள். அது அல்பகராவின் 282-ஆம் வசனத்தின் கட்டளை. கஷ்டப்படுபவருக்கு வசதி வரும்வரை தவணை கொடுங்கள்; அது 280-ஆம் வசனம். ஜகாத் பணத்தை இந்த நிதியில் போடாதீர்கள். கடனாகக் கொடுத்துத் திரும்பப் பெறும் பணத்தால் ஜகாத் நிறைவேறாது. அதற்கு ஸதகாவும் சொந்தப் பணமும் இருக்கட்டும். வாங்கியவள் உண்மையிலேயே கட்ட முடியாமல் நொடிந்து போனால், கடன்பட்டோர் ஜகாத் பெறும் எண்வகையினரில் சேர்ந்தவரே. அப்போதும் பாக்கியைக் கணக்கில் அடித்துவிட்டு ஜகாத் என்று எழுதிவிடக் கூடாது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். ஜகாத்தை எந்த நிபந்தனையுமின்றி அவள் கையில் கொடுங்கள். கடனைக் கட்டுவதும் வேறு செலவு செய்வதும் அவள் விருப்பம்.