பூங்காவில் ஒரு மூலை

எங்கள் பங்கின் எல்லைக்குள் மாநகராட்சிக்குச் சொந்தமான நிலம் ஒன்று உண்டு. மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்டு, பல்லாண்டுகளாகக் கட்டடக் கழிவும் சீமைக்கருவேலமுமாய்க் கிடந்தது. அங்குப் பூங்கா அமைக்கும் முயற்சி தொடங்கியபோது, கருத்துரைக்குமாறு குடியிருப்போர் அழைக்கப்பட்டனர். கூட்டத்துக்கு முந்திய ஞாயிறன்று பங்குப் பேரவையினர் சிலர் என்னிடம் ஒரு விண்ணப்பத்தை நீட்டினர். கிழக்கு மூலையில் அன்னை மரியாவுக்குக் கெபி கட்ட அனுமதி வேண்டுமாம். செலவை ஏற்க ஒருவர் முன்வந்திருந்தார். “பத்தடிக்குப் பத்தடிதானே, சாமி!” என்றார்கள். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

என் கையைத் தடுத்தது ஒரு பழைய வழக்கின் நினைவு. பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம், 1976-இல் மருத்துவமனை கட்டத் தனியார் அறக்கட்டளை ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. அப்பகுதியினர் வழக்காடினர். மருத்துவமனையும் மக்களுக்கு நன்மைதானே என்ற வாதம் முதலில் வென்றது, மேல்முறையீட்டில் தோற்றது. பூங்கா நிலத்தை அவ்வாறு மாற்றியது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

பொதுநிலத்தைக் கேட்போர் எல்லாரும் தீயவர் அல்லர். நோயாளிக்காக, மாணவனுக்காக, இறைவனுக்காக என்று கேட்டால் மறுக்க யாருக்கு மனம் வரும்? சென்னையில் ஆளுநர் டிரெவெல்யன் உருவாக்கிய மக்கள் பூங்காவின் நிலத்தில் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், 1913-இல் ரிப்பன் மாளிகை என ஒவ்வொன்றாக எழுந்தன. எதுவும் வீண் அன்று. ஆயினும் பூங்காவின் பெரும்பகுதி போய், ‘பூங்கா நகர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பொருளை ஈட்டவும் நிர்வகிக்கவும் தனிமனிதருக்கு உரிமை உண்டு, ஆனால் பயன்பாட்டில் அதைப் பொதுவெனக் கருதவேண்டும் என்பார் அக்குவினா தோமா. குருமடத்தில் இதைப் படித்தபோது செல்வரின் களஞ்சியங்களையே நினைத்துக்கொண்டேன். தனியுடைமைக்கே இது பொருந்துமாயின், மாநகராட்சி நிலத்துக்கு எத்துணைப் பொருந்தும்! அங்குள்ள பத்தடியை எங்களுடையதென்று வேலியிட எனக்கு எங்கிருந்து உரிமை வந்தது?

விண்ணப்பத்தை மடித்து அங்கிப் பையில் வைத்தவாறே கூட்டத்துக்குப் போனேன். வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு நடந்த கூட்டம் அது. நடைபாதையின் அகலம் பற்றி நெடுநேரம் பேசினர். பிறகு வாயிற்கதவைப் பற்றிய பேச்சு வந்தது. காலையும் மாலையும் திறந்தால் போதும், பகலில் பூட்டிவிடலாம், இல்லையேல் கண்டவர்களும் வந்து படுப்பார்கள் என்றார் ஒருவர். தலையசைத்தவர்களில் என் பங்கு மக்களும் இருந்தனர். தெருவைக் கூட்டும் பெண்களும் அடுக்குமாடிக் காவலாளிகளும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க நிழல் தேடுவது அந்த நண்பகலில்தான். அவர்களுள் ஒருவரும் கூட்டத்தில் இல்லை, வேலையில் இருந்தார்கள்.

கெபிக்கு இடம் கேட்டிருந்தால் கதவைப் பற்றிப் பேச எனக்கு வாய் இருந்திராது. பேசினேன். “திருட்டு நடந்தால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா, சாமி?” என்று கேட்டார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி, விடை என்னிடம் இல்லை.

கெபிக்குப் பணம் தர முன்வந்தவர் இரண்டு வாரமாகக் கோவில் வாசலில் என்னிடம் நின்று பேசுவதில்லை. கதவைப் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பார்களாம். அதை இரவு ஏழு மணிக்கு வைக்குமாறு கேட்டிருக்கிறேன்.