பழகும் விலங்கும் பழகாத விலங்கும்

மனிதனுக்குப் பணிந்து வாழ்வது சில விலங்குகளின் இயல்பிலேயே உள்ளதா என்பது தத்துவத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று. செடிகொடிகள் விலங்குகளுக்காகவும் விலங்குகள் மனிதனுக்காகவும் இருக்கின்றன என்று அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் கூறினார். காட்டு விலங்கைவிடப் பழகிய விலங்கே மேலானது, மனிதனின் ஆட்சியே அதற்குப் பாதுகாப்பு என்பதும் அவர் கருத்து.

இந்த வாதத்தை வரிக்குதிரை ஒன்றே அசைத்துவிடுகிறது. ஆங்கிலேய விலங்கியலாளர் வால்டர் ராத்ஸ்சைல்ட் வரிக்குதிரைகள் பூட்டிய வண்டியை லண்டனில் ஓட்டிக் காட்டியவர். ஆனாலும் குதிரைக்கு இவ்வளவு நெருங்கிய உறவான அந்த விலங்கு வண்டிக்கு நிலைக்கவில்லை. எளிதில் மிரளும், கடித்தால் விடாது, வயது ஏற ஏற முரடாகும். சிங்கங்கள் உலவும் புல்வெளியில் அந்த மிரட்சிதான் அதன் உயிரைக் காக்கிறது. அதைக் குறை என்பவர்கள் தம் தேவையையே இயற்கையின் அளவுகோலாக்குகிறார்கள்.

உணவு, வளர்ச்சி, கூட்டத்தில் தலைமைக்கு அடங்கும் பழக்கம், அடைப்பில் இனம்பெருக்கும் தன்மை என எல்லாம் பொருந்தினால்தான் ஓரினம் வீட்டுவிலங்காகும். சிவிங்கிப்புலி இவற்றுள் கடைசி நிபந்தனையில் சறுக்கியது. முகலாயர் அதை வேட்டைக்குப் பழக்கினர். ஜஹாங்கீர் காலத்தில் ஒருமுறை குட்டி ஈன்றதாகக் குறிப்பு உண்டு. அடுத்து அடைப்பில் ஈன்றதாகப் பதிவானது 1956இல், பிலடெல்பியாவில்.

ஓர் உயிரைப் பழக்குவது வேறு, ஓரினத்தை மாற்றுவது வேறு. 1959இல் சோவியத் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ் மனிதரைக் கண்டு அஞ்சாத வெள்ளிநரிகளை மட்டும் தேர்ந்து இனம்பெருக்கத் தொடங்கினார். சில தலைமுறைகளிலேயே வாலாட்டும் நரிகள் பிறந்தன. பின்னர் சிலவற்றின் காதுகள் தொங்கின, உடலில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. யானையிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. முதுமலையில் கும்கி எனப்படும் பழக்கிய யானை பாகன் சொல் கேட்கும். மதம் பிடித்தால் பாகனே அஞ்ச வேண்டும். காட்டில் பிடிபட்ட யானையைக் கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்து, முதலிலிருந்தே பழக்க வேண்டியிருக்கிறது. பழகிய பின்னும் அது காட்டுயிர்தான்.

ஆகவே பணியக்கூடிய இயல்பு மனிதனுக்கு ஒரு வழியைத் திறக்கிறதே ஒழிய, உரிமை எதையும் தருவதில்லை. அந்த உரிமைக்கு நியாயம் தனியே சொல்லப்பட வேண்டும். இந்தியச் சட்டம் இதை ஓரளவு ஏற்றுள்ளது: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 1977இல் யானை சேர்க்கப்பட்டது. அதன்பின் மனித உயிருக்கு ஆபத்து போன்ற காரணமும் அரசின் அனுமதியும் இல்லாமல் காட்டு யானையைப் பிடிப்பது குற்றம்.