பலகைச் சுவரும் சம்மதமும்

மலேசியாவில், பேராக்கின் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பழைய லயங்களில் வாழ்ந்தவர்களுக்குச் சுவரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. முதல் வீட்டில் குழந்தை இருமினால் மூன்றாவது வீட்டுப் பாட்டி கசாயத்துக்கு இஞ்சி தட்டத் தொடங்கிவிடுவாள். ராத்திரி நடந்த புருஷன் பெண்டாட்டி சண்டை, விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூடும்போது அங்கே காத்திருக்கும். இன்று பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்து மக்களில் பெரும்பாலோர் தாமான் குடியிருப்புகளுக்கும் பட்டணங்களுக்கும் போய்விட்டார்கள். ஆனால் பாலியல் தொழிலைப் பற்றிய விவாதத்தை அந்தப் பலகைச் சுவரிலிருந்து தொடங்கினால் சில விஷயங்கள் தெளிவாகும்.

வயது வந்த இருவர், தம் சம்மதத்தோடு, தனிமையில், பணம் கொடுத்தும் வாங்கியும் உறவு கொண்டால் அது குற்றமா? கேள்வி இவ்வளவுதான். இதில் வயது, சம்மதம், தனிமை என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. முதலாவதில் பேரத்துக்கு இடமில்லை. சிறுவர் சிறுமியர் விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சே எழக் கூடாது. மற்ற இரண்டையும்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

தனிமையை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தச் சொல்லைச் சட்ட விவாதத்தின் நடுவே கொண்டுவந்து வைத்தது பிரிட்டனின் உல்ஃபெண்டன் குழு. 1957இல் அது தந்த அறிக்கை ஓரினச் சேர்க்கை, பாலியல் தொழில் இரண்டையும் சேர்த்தே ஆராய்ந்தது. மனிதரின் அந்தரங்க ஒழுக்கத்தைக் கண்காணிப்பது சட்டத்தின் வேலையில்லை, பொது இடத்தின் ஒழுங்கைக் காப்பதே அதன் வேலை என்பது குழுவின் நிலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விளைவைப் பார்த்தால்தான் உறுத்துகிறது. தெருவில் நின்ற பெண்களுக்குத் தண்டனையைக் கூட்டும் சட்டம் இரண்டே ஆண்டுகளில், 1959இல் வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் ஓரினச் சேர்க்கையில் இருந்த ஆண்களுக்கு விடுதலை தரும் சட்டமோ 1967 வரை காத்திருந்தது. சுவர் உள்ளவர்களுக்குத் தாமதமாகவாவது சலுகை கிடைத்தது. சுவர் இல்லாதவர்களுக்கு உடனே தண்டனை கிடைத்தது.

மலேசியச் சட்டத்திலும் இந்த முடிச்சு உண்டு. உடலை விற்பது குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் நேரடியாகச் சொல்லும் பிரிவு இல்லை. அதைச் சுற்றி எழுப்பிய வேலிதான் சட்டம். 372பி பிரிவு, இத்தொழிலுக்காக ஆள் அழைப்பதைத் தண்டிக்கிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதில் கவனிக்க வேண்டிய சொல் ‘எந்த இடத்திலும்’ என்பது. தெரு, சந்தை என்று அது பிரித்துச் சொல்வதில்லை. 373 பிரிவின்படி, இரண்டு பேர் ஒரே நேரத்திலோ வெவ்வேறு நேரத்திலோ இத்தொழிலுக்குப் பயன்படுத்தும் இடம் எதுவானாலும் விபசார விடுதிதான். ஒருத்தி உள்ளே இருக்கும்போது மற்றவள் வாசலில் காவலிருக்கட்டும் என்று இரண்டு பெண்கள் ஒரே அறையை வாடகைக்கு எடுத்தால், அந்தப் பாதுகாப்பே குற்றத்தின் அடையாளமாகிவிடும். அடுத்தவர் இத்தொழிலில் ஈட்டியதைக் கொண்டு பிழைப்பதை 372ஏ தண்டிக்கிறது. தரகனுக்காகப் போட்ட வலைதான். ஆனால் அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடும் வேலையற்ற தம்பியும் அதில் சிக்கலாம். முஸ்லிம்களுக்கு இவற்றோடு மாநில ஷரியா சட்டங்களும் உண்டு.

சட்டம் எல்லோருக்கும் பொது என்கிறோம். சோதனை பெரும்பாலும் எந்தக் கதவைத் தட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கைப்பேசியில் பேசி முடித்து நட்சத்திர விடுதிக்குப் போகிறவர்களுக்குக் காங்கிரீட் சுவர் இருக்கிறது. பழைய நெடுஞ்சாலை ஓரத்துச் சிற்றூரில், கடைவீட்டு மாடியில் மலிவு அறை எடுப்பவளுக்கு அது இல்லை. ஆகவே தனிமையில் நடந்தால் குற்றமில்லை என்று மட்டும் சொல்வது பாதி நீதிதான். தனிமை காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருக்கும் வரை, அந்த விதி வசதி உள்ளவர்களைத்தான் முதலில் காப்பாற்றும்.

எதிர்த்தரப்பின் முதல் வாதம் ஒழுக்கம். பொது அறம் சிதைந்தால் சமூகம் சிதையும், அதைக் காக்கச் சட்டத்துக்கு உரிமை உண்டு என்று உல்ஃபெண்டன் அறிக்கைக்குப் பதிலாக டெவ்லின் பிரபு 1959இல் வாதிட்டார். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சிற்றூரில் குடும்பத்தின் பெயர் என்பது வங்கிக் கணக்கைவிடப் பெரிய சேமிப்பு. ஒரு வீட்டைப் பற்றி ஊர் பேசத் தொடங்கினால் அந்த வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் அதைச் சுமக்கிறார்கள். ஆனால் தவறு வேறு, குற்றம் வேறு. திருக்குறளில் ‘வரைவின் மகளிர்’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. கள்ளுண்ணாமையும் சூதும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றையும் வள்ளுவர் கடுமையாகவே கண்டிக்கிறார். அந்தக் கண்டனம் நாடிப் போகிறவனையும் குடிப்பவனையும் ஆடுபவனையும் நோக்கிச் சொன்ன அறிவுரை. அவளைப் பிடித்து அடையுங்கள் என்று அவர் அங்கே மன்னனைக் கேட்கவில்லை. நாமும் கள்ளுக்கு உரிமம் கொடுத்தோம், சூதுக்கு மலையுச்சியில் மாளிகை கட்டினோம். மூன்றில் ஒன்றுக்கு மட்டும் விலங்கு என்றால், அதை ஒழுக்கம் என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது.

இரண்டாவது வாதம் இதைவிட வலுவானது. அது சம்மதத்தைப் பற்றியது. பட்டினியில் சொல்லும் ‘சரி’ சம்மதம் ஆகுமா? கடன்காரன் வாசலில் நிற்கும்போது சொல்வது? கடப்பிதழை முகவர் பிடுங்கி வைத்துக்கொண்ட பிறகு சொல்வது? இந்தக் கேள்விகளுக்குப் புத்தகத்தில் விடை தேடுமுன் தோட்ட வரலாற்றைப் பார்க்க வேண்டும். சம்மதத்தின் பெயரால் ஒரு சமூகமே கப்பல் ஏறிவந்த வரலாறு அது.

ஆள்சேர்க்க வந்த கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்தவர்கள் யாரும் கட்டாயத்தால் வந்தேன் என்று எழுதிக்கொடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா இந்தியரிடையே, ஆண்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெண்கள் இல்லை. அந்தப் பற்றாக்குறையில் பெண்கள் துணை மாறினார்கள், சிலர் மாற்றப்பட்டார்கள். காலனி அதிகாரிகளின் கோப்புகளில் அவர்களுக்கு இரண்டே இடங்கள்தான்: ஒன்று அபலை, இல்லையென்றால் ஒழுக்கம் கெட்டவள். வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டு பெட்டிகளையும் உடைக்கிறார். அடிக்கும் துணையை விட்டு வேறொருவனோடு போனவள், நெருக்கடிக்குள் தனக்குக் கிடைத்த சின்ன இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டவள். முழுச் சுதந்திரம் அவளுக்கு இல்லை; அதற்காக அவள் சுயபுத்தி இல்லாத பொம்மையும் இல்லை.

சட்டம் அவளை எப்படிப் பார்த்தது? தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, மணமான பெண்ணை ‘மயக்கி அழைத்துச் செல்வதை’க் குற்றமாக்கியது. புகார் செய்யும் உரிமை கணவனுக்கு. அவள் விரும்பிப் போனாளா என்பது பெரிய கேள்வியாக இருக்கவில்லை. திருட்டுப்போன சாமான் போலத்தான் வழக்கு நடந்தது. கற்பைக் காப்பதாகச் சொன்ன பிரிவு உண்மையில் காத்தது கணவனின் உடைமையை. பாலினப் பாகுபாடு காட்டுகிறது என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது 2023 டிசம்பரில்தான்.

அதே தோட்டத்து மக்கள் என்ன கேட்டார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. 1941இல் பேராக்கின் அண்டை மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவது ஒன்று. துரைமாரும் தோட்ட அதிகாரிகளும் தங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது இன்னொன்று. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. பெண்களை வேவு பார்க்க அவர்கள் கேட்கவில்லை. சம்மதத்தைப் பொய்யாக்குவது அதிகாரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதிகாரத்தின் கையைத்தான் கட்டச் சொன்னார்கள்.

ஸ்வீடன் 1999இல் கொண்டுவந்த முறை இந்த வழியில் வந்தது போலத் தோன்றும். விற்பவளைத் தண்டிக்காமல் வாங்குபவனைத் தண்டிப்பது அது; பிரான்ஸ் 2016இலும் அயர்லாந்து 2017இலும் பின்பற்றின. குற்றத்தின் பளு பணம் வைத்திருப்பவன் தலையில் விழுகிறது என்பது அதன் அறவலிமை. ஆனால் பயந்த வாடிக்கையாளன் இருட்டைத் தேடுகிறான். பெயர் சொல்ல மறுக்கிறான், அவசரப்படுத்துகிறான். ஆளைப் பார்த்து எடைபோட அவளுக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடமும் பறிபோகிறது. அவனைத் தேடிவரும் போலீஸ் அவள் வாசலில்தான் வந்து நிற்கும்.

நியூசிலாந்து 2003இல் வேறு வழியில் போனது. 60க்கு 59 என்ற வாக்கில் நிறைவேறிய அந்தச் சட்டம், வயது வந்தோரின் பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து, தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. தன்னைப் பாலியல் தொந்தரவு செய்த விடுதி நடத்துநர்மீது ஒரு தொழிலாளி மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2014இல் இழப்பீடு பெற்றார். குற்றவாளியாக இருந்திருந்தால் அந்தப் படியே ஏறியிருக்க முடியாது. ஆனால் அங்கும் ஓர் ஓட்டை: தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு இத்தொழில் தடை. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைந்த மலேசியா இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முகவரிடம் கடப்பிதழைக் கொடுத்துவிட்டு நிற்பவளுக்குப் போலீஸும் பயம், முகவரும் பயம். ஆள் கடத்தலைத் தடுக்க இங்கே 2007இலிருந்து தனிச்சட்டம் இருக்கிறது. அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவளே கைதாவோம் என்று ஒளிந்துகொண்டால் அந்தச் சட்டம் யாரை வைத்து வழக்கு நடத்தும்?

இந்தியா நடுவில் தயங்கி நிற்கிறது. இத்தொழிலில் இருப்பவர்களுக்கும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் கண்ணியமான வாழ்வு உண்டு, ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது. வயது வந்தவர் சம்மதத்தோடு ஈடுபட்டால் போலீஸ் தலையிடக் கூடாது என்றும் நீதிமன்றம் அமைத்த குழு பரிந்துரைத்திருந்தது. அதற்கு ஒன்றிய அரசு தயக்கம் தெரிவித்தது. உடனே செயல்படுத்தும்படி சொன்னவற்றில் அது சேரவில்லை. ஆணுறை சின்னப் பொருள்தான். அது கைப்பையில் இருந்தால் வழக்கு, இல்லாவிட்டால் நோய் என்ற நிலையில் ஒருத்தியை நிறுத்துவது எந்த ஒழுக்கத்திலும் சேராது. சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழு 1986இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்ததே, இத்தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளில்தான்.

எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்தால் முள் ஒரு பக்கம் சாய்கிறது. வயது வந்த ஒருவர் தன் உடலைக் கொண்டு பிழைப்பதைச் சுற்றிவளைத்துக் குற்றமாக்கும் பிரிவுகள் போக வேண்டும். இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காகச் சேர்ந்திருப்பது விடுதி ஆகக் கூடாது. மிரட்டல், கடனால் கட்டிப்போடுவது, கடப்பிதழ் பறிப்பு, சிறுவர்களைத் தொடுவது ஆகியவற்றின் மேல் சட்டம் இப்போது இருப்பதைவிடக் கடுமையாக இறங்க வேண்டும். இது அந்தத் தொழிலுக்கு வழங்கும் நற்சான்றிதழ் ஆகாது. பட்டினியின் ‘சரி’ அரைச் சம்மதம்தான் என்ற வாதம் அப்படியே நிற்கிறது. ஆனால் அரைச் சம்மதத்தை முழுதாக்கக் கூலியும் குடியிருப்பும் கடனில்லாத பிழைப்பும் வேண்டும். ஓராண்டு சிறை, இருக்கும் அரையையும் பிடுங்கிக்கொள்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ராத்திரி ஒருவன் இத்தொழிலில் இருக்கும் ஒருத்தியை அடித்துப் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். காலையில் அவள் போலீஸ் நிலையத்துக்குப் போகிறாள். மேசையில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி ‘யார் அடித்தது’ என்பதா, ‘நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்’ என்பதா? 1941இல் அந்தத் தொழிலாளிகள் கேட்டது சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. அவளுக்கும் அந்த வாசல்வரை இறங்காமல் போக வேண்டியிருக்கிறது.