தோடர் மொழியும் துறக்கும் உரிமையும்

ஒரு சிறிய சமூகம் தன் தாய்மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்காமல் விட்டுவிடத் தானே முடிவுசெய்தால், அம்முடிவைத் தவறென்று சொல்ல வெளியார் எவருக்கேனும் உரிமை உண்டா என்னும் கேள்வி மொழியியலாளரிடையே 1992-ஆம் ஆண்டு வெளிப்படையாக எழுந்தது. உலகின் சிறுமொழிகள் மறைவது மனித இனம் முழுமைக்குமான இழப்பு என்றும், அதைத் தடுக்க உதவுவது மொழியியலாளரின் கடமை என்றும் கென் ஹேல் முதலியோர் அமெரிக்க மொழியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதியிருந்தனர். அதே இதழில் அதே ஆண்டு ஒலியியல் அறிஞர் பீட்டர் லடிஃபோகெட் அதற்கு மறுப்பு எழுதினார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று நீலகிரித் தோடர். தோடர் தம் முன்னோரை மதிக்கிறார்கள்; ஆயினும் நவீன இந்தியாவில் தமக்கும் ஓர் இடம் வேண்டும் என்று விரும்புகிறார்கள்; அதற்கு விலையாக மொழியை விட்டுக்கொடுக்க இளையோர் பலர் இசைந்துவிட்டனர்; அப்படி இசைவது அவர்களது உரிமை, அவர்கள் மனத்தை மாற்ற முயல்வது பொறுப்புள்ள ஆய்வாளருக்கு அழகன்று என்பது அவர் வாதத்தின் சாரம். தோடர் மொழியின் ஒலிகளை நேரில் கேட்டு ஆராய்ந்தவர் அவர். எனவே அதன் அருமை அறியாதவர் சொன்ன சொல் என்று அதை ஒதுக்கிவிட இயலாது.

தோடர் எந்த மொழியை நோக்கி நகர்கிறார்களோ அது தமிழ். ஆகவே இக்கேள்வியைத் தமிழில் எழுப்பும்போது அது தொலைவிலுள்ள ஒரு சமூகத்தைப் பற்றிய ஆராய்ச்சியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. இங்கே வலிய மொழியின் இடத்தில் இருப்பது தமிழ். அதைப் பேசுவோருக்கு அந்த இடத்திற்குரிய பொறுப்பும் உண்டு.

நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில் எருமை மேய்த்து, மந்து எனப்படும் சிறு குடியிருப்புகளில் வாழ்ந்த தோடர், 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 800 பேராக இருந்தனர். 2011-இல் ஏறத்தாழ 2,000 பேர். ஆள் தொகை ஒரு நூற்றாண்டில் இரு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது; மொழியோ மெலிந்துகொண்டே வந்து, யுனெஸ்கோவின் அழிவுறும் மொழிகளின் வரைபடத் தொகுப்பில் மிகக் கடும் ஆபத்தில் உள்ள மொழிகளின் வரிசையில் இடம்பெற்றுவிட்டது. ஒரு மொழி மறைவதற்கு அதைப் பேசுவோர் அழிந்துபோக வேண்டும் என்பதில்லை. பேசுவோர் உயிருடன் பெருகி, படித்து, முன்னேறிக்கொண்டிருக்கும்போதே அது மறையக்கூடும். அறநோக்கில் சிக்கலானதும் இந்த வகை மறைவுதான்.

மரபு என்னும் சொல்லுக்குள் எதையெல்லாம் அடக்குகிறோம் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். தோடரின் பழைய வாழ்வில் பெண் சிசுக்கொலை இருந்தது. சகோதரர் பலர் ஒரே பெண்ணை மணக்கும் பலகணவர் மணம் இருந்தது. பால் கறப்பதும் கடைவதும் ஆண்களின் சடங்குத் தொழிலாக இருந்ததால், அத்தொழில் நடக்கும் பால் கோயில்களைப் பெண்கள் நெருங்கவும் கூடாது என்ற விலக்கு இருந்தது. முதலது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெரும்பாலும் ஒழிந்தது. இரண்டாவது இருபதாம் நூற்றாண்டில் வழக்கொழிந்தது. இவ்விரண்டும் போனதற்கு வருந்த எவருக்கும் காரணம் இல்லை. மரபு முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டி, காக்க வேண்டும் என்றோ கைவிட வேண்டும் என்றோ பேசுவோர் இருசாராரும் தவறுவது இந்த இடத்தில்தான். சிசுக்கொலையை நிறுத்தியதற்காகத் தோடர் தம் மொழியில் ஓர் அசையைக்கூட இழக்க வேண்டியிருக்கவில்லை.

மரபு எப்படி மாறுகிறது என்பதற்கு வில் கொடுக்கும் சடங்கைப் பார்க்கலாம். பெண் கருவுற்ற ஏழாம் மாதத்தில், காட்டு மரம் ஒன்றின் அடிப்பகுதியில் சிறு மாடம் வெட்டி, அதில் விளக்கேற்றி வைப்பார்கள். கணவன் ஒரு செடியின் கொம்பை வளைத்துச் சிறு வில்லாக்கி, புல் ஒன்றை அம்பாகச் சேர்த்து மனைவியிடம் தருவான். அவள் வில்லின் பெயரைக் கேட்பாள். அவன் தன் குலத்துக்குரிய வில்லின் பெயரைச் சொல்வான், ஏனெனில் ஒவ்வொரு குலத்தின் வில்லுக்கும் தனிப்பெயர் உண்டு. 1906-இல் வெளிவந்த தம் பெருநூலில் மானிடவியலாளர் ரிவர்ஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கணவர் பலர் இருந்த காலத்தில், பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தை யார் என்பதை ஊரறிய நிலைநாட்டியது இச்சடங்கு. வில் கொடுத்தவனே தந்தை. பலகணவர் மணம் மறைந்தபின் அத்தேவை இல்லாமற் போயிற்று. சடங்கு மட்டும் இன்றும் நடக்கிறது, திருமணத்தின் முதன்மையான நிகழ்வாகவே நடக்கிறது. எதை விடுவது, எதற்குப் புதுப்பொருள் தருவது என்று தெரிந்தெடுக்கும் ஆற்றல் அச்சமூகத்திடம் எப்போதும் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. லடிஃபோகெட்டின் வாதத்தில் வலுவான பகுதியும் இதுவே: தோடர் பிறர் கைப்பிடித்து நடத்த வேண்டிய மக்கள் அல்லர்.

அவர் வாதம் தளர்வது வேறிடத்தில். நவீன வாழ்வுக்கு விலை மொழி என்று தோடர் நம்பியதாக அவர் சொல்கிறார். அந்த விலையைக் குறித்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை. ஒரு மொழியைக் கற்க இன்னொன்றை விட வேண்டும் என்பது இயற்கையின் விதியன்று. தோடரின் சொந்த வரலாறே அதற்கு எதிரான சான்று. நீலகிரியில் நெடுங்காலம் நிலவிய கொடுக்கல்-வாங்கல் முறையில் தோடர் நெய்யும் பால்பொருளும் தந்தனர். கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் செய்து தந்து, தோடரின் ஈமச் சடங்குகளில் இசை முழக்கினர். படுகர் தானியம் தந்தனர். அண்டை மக்களோடு பேசப் படுக மொழியைத் தோடர் அறிந்திருந்தனர். அதிலிருந்து சொற்களையும் ஏராளமாக எடுத்துக்கொண்டனர். தலைமுறை தலைமுறையாக இருமொழியாளராக இருந்தும் வீட்டில் தோடர் மொழி குன்றவில்லை. ஆகவே பிற மொழியைக் கற்றது மொழிக்கு ஊறு செய்யவில்லை. தம் மொழிக்கு எந்த வேலையும் இல்லாத பள்ளிகளும் அலுவலகங்களும் சந்தைகளும் அன்றாட வாழ்வின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதுதான் ஊறு செய்தது.

நிலத்தின் மாற்றத்தையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். 1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபின் உதகை கோடை நகரமாயிற்று. மேய்ச்சல் புல்வெளிகளில் உருளைக்கிழங்கும் தேயிலையும் ஏறின. பின்னர் கற்பூர மரமும் சீகை மரமும் காடாக நடப்பட்டன. புல்வெளி சுருங்கியதும் எருமை குறைந்தது. எருமை குறைந்ததும் பால் கோயில்கள் பல வெறுமையாயின. எருமையின் பெயர்கள், கோயிலின் படிநிலைகள், ஓடைகள், குன்றுகள் ஆகியவற்றின் சொற்களால் நிறைந்திருந்த மொழி, பேசுவதற்கான பொருளையே ஒவ்வொன்றாக இழந்தது. இவற்றுள் எதையும் தோடர் தெரிந்தெடுக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு எஞ்சிய ஒரு சிறு இடைவெளியில் தாயும் தந்தையும் எடுக்கும் முடிவைத் தன்விருப்பம் என்று மட்டும் பெயரிட்டு ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. முடிவு அவர்களுடையதுதான், முடிவெடுக்க நேர்ந்த சூழல் அவர்களுடையது அன்று.

இன்னொரு பக்கமும் உண்டு. பெற்றோர் எடுக்கும் இம்முடிவு அவர்களைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அவர்கள் ஏற்கெனவே அம்மொழியை உடையவர்கள். இழப்பவர் பிள்ளையும் பேரப்பிள்ளையும். இரண்டு மொழி பெற்ற பிள்ளை வளர்ந்தபின் ஒன்றை வேண்டாமென்று விட்டுவிடலாம். பெறாத பிள்ளை வேண்டுமென்று விரும்பினாலும் முழுமையாக மீட்க வழியில்லை. லடிஃபோகெட்டுக்கு அடுத்த ஆண்டே பதிலெழுதிய நான்சி டோரியன், ஸ்காட்லாந்தின் மீனவக் குடியிருப்புகளில் கேலிக் மொழி தேய்ந்ததை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அடுத்தடுத்த தலைமுறை, தமக்கு ஏன் மொழியைத் தரவில்லை என்று முன்னோரைக் கேட்கும் காலம் வரும் என்பதை அவர் நினைவூட்டினார். ஏளனத்துக்கு அஞ்சி மொழியை மறைத்தவர்களின் பிள்ளைகள், ஏளனம் நீங்கிய காலத்தில் வளர்கிறார்கள். அவர்களுக்குக் காரணம் விளங்குவதில்லை, இழப்பு மட்டும் தெரிகிறது. இந்த ஏற்றத்தாழ்வு பெற்றோரின் உரிமையை நீக்கிவிடாது. ஆனால், மீட்க முடியாத ஒன்றைக் குறித்த முடிவுக்கு அவர்களைத் தள்ளுகிறவர்களின் பொறுப்பை அது கனமாக்குகிறது.

தள்ளுகிறவர்கள் என்பது கடுமையான சொல்லாகத் தோன்றலாம். தோடர் பிள்ளை பள்ளியில் நுழையும் முதல் நாளில் நடப்பதை எண்ணிப் பார்த்தால் அது மிகையன்று என்பது விளங்கும். ஆசிரியரின் மொழி, பாடநூலின் மொழி, சுவரிலுள்ள எழுத்து எல்லாம் தமிழோ ஆங்கிலமோதான். வீட்டில் பேசியதற்கு அங்கே மதிப்பெண்ணும் இல்லை, மறுமொழியும் இல்லை. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் சொல்லிவருகிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகளில், பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள் தனியே வெளியிடப்படாமல் ‘பிற’ என்ற பொதுத் தலைப்பில் கரைந்துவிடுகின்றன. எண்ணிக்கையில் தோன்றாத மொழிக்குப் பாடநூலும் ஆசிரியரும் கேட்பது கடினம்.

இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழ்நாடு 1938-இலும் 1965-இலும் எழுப்பிய குரலின் உள்ளீடு என்ன? ஒரு பெரிய மொழியைக் கற்றால்தான் வேலையும் மதிப்பும் என்ற நிலையை உண்டாக்குவது அநீதி என்பதே. அக்கொள்கை உண்மையானால் அது எண்ணிக்கையைப் பார்த்து மாறக்கூடாது. எட்டுக் கோடிப் பேரின் மொழிக்கு நியாயமாக இருப்பது இரண்டாயிரம் பேரின் மொழிக்கும் நியாயமாகவே இருக்கும். தோடர் தமிழ் கற்கக் கூடாது என்பதன்று இதன் பொருள். தமிழும் ஆங்கிலமும் அவர்களுக்கு வேண்டியவை, அவர்களே விரும்புபவை. தமிழைப் பெறுவதற்கு எதையும் ஈடாகக் கொடுக்கவேண்டிய நிலை இருக்கக் கூடாது என்பதே பொருள்.

தமிழுக்குத் தோடர் மொழியிடம் ஒரு கடனும் இருக்கிறது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்த மொழியியலாளர் எம். பி. எமனோ, தோடர் மொழியையும் கோத்த மொழியையும் பதிவுசெய்து, பின்னர் பரோவுடன் சேர்ந்து 1961-இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டார். திராவிட மூலமொழியில் பல்லொலிக்கும் நாவளை ஒலிக்கும் நடுவே, நுனிநா மேற்பல் ஈறுகளைத் தொட எழுந்த ஒரு தனி வல்லொலி, இன்றைய தமிழ்ப் பேச்சில் பெரும்பாலும் திரிந்துவிட்டது. எழுத்தில் றகரமாக நிற்கிறது. தோடர் மொழியில் அவ்வல்லொலி பேச்சிலேயே வேறுபட்டு நிற்கிறது. ரகர வகை ஒலிகளிலோ மூன்று வேறுபாடுகளை அது காக்கிறது. தமிழின் பழமையை ஆராய்வோர் தோடரின் நாவுக்குக் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் அறிவுலகுக்குப் பயன் என்பதற்காக ஒரு சமூகம் தன் மொழியைச் சுமக்க வேண்டும் என்று கோருவது முறையன்று. மனிதர் எவரும் ஆவணக் காப்பகமாக வாழக் கடமைப்பட்டவர் அல்லர். அதனால்தான் ‘மனித இனத்தின் செல்வம்’ என்னும் வாதம், நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், இவ்விடத்தில் போதாது. மொழியைக் காப்பதற்கான முதன்மை நியாயம் அம்மக்களின் சொந்த வாழ்விலிருந்தே வர வேண்டும்.

அந்நியாயம் எங்கே இருக்கிறது என்பதற்குத் தோடரின் பாடல் ஒரு விடை. எமனோ தொகுத்த பாடல்கள் 1971-இல் பெருநூலாக வந்தன. அப்பாடல்களில் ஒவ்வொரு தொடரும் தனக்கு இணையான இன்னொரு தொடரோடு சேர்ந்தே வரும். ஓர் இடத்தைச் சொன்னால் அதன் இணையான இடத்தையும், ஒரு செயலைச் சொன்னால் அதன் இணையான செயலையும் மரபு கேட்கும். சொல்ல வந்த ஆளின் பெயரை நேரே சொல்லாமல், கேட்போர் உய்த்துணரும்படி பாட வேண்டும். இது தொழில்முறைப் புலவர் சிலரின் கலையாக இருக்கவில்லை. ஈமமோ திருமணமோ ஊர்ச் செய்தியோ, நிகழ்ந்தது எதுவாயினும் உடனே பாடலாக்கும் ஆற்றல் பரவலாக இருந்தது. வேறு மொழிக்கு மாறிய தோடர் பள்ளிக் கட்டுரை எழுதலாம். இந்த முறையில் தம் தாயின் மறைவைப் பாட இயலாது.

தோடர் பெண்களின் பூத்தையல் இன்று நன்கு அறியப்பட்டது. வரைபடம் இல்லாமல் இழைகளை எண்ணியே வெண்துணியில் சிவப்பும் கருப்புமாகத் தைக்கும் அக்கலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வருவாய் பெண்கள் கைக்கே வருகிறது என்பது பால் கோயிலை நெருங்கவியலாத மரபில் சிறிய மாற்றமன்று. ஆனால் சந்தை துணியை வாங்கும், பாடலை வாங்காது. விலைபோகும் பகுதியைப் போற்றி, விலைபோகாததை உதிர விடுவது பண்பாட்டைக் காப்பதாகிவிடாது. தமிழ்நாடு அரசின் 2024-25 நிதிநிலை அறிக்கை பழங்குடி மொழிகளின் வளங்களை ஆவணப்படுத்த நிதி ஒதுக்கியதும் நல்ல செயலே. எனினும், ஒலிப்பதிவு ஆய்வாளருக்குப் பயன்படும் அளவுக்கு மூன்று வயதுக் குழந்தைக்குப் பயன்படாது.

மந்துகளுக்கு அருகிலுள்ள அங்கன்வாடிகளில் தோடர் மொழி பேசும் மூத்த பெண்களுக்கு ஊதியம் தந்து குழந்தைகளோடு அம்மொழியிலேயே பேச வைக்கலாம். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982-இல் இப்படித்தான் தொடங்கினார்கள், அவர்கள் பிள்ளைகள் அதனால் ஆங்கிலத்தை இழக்கவில்லை. தொடக்கப் பள்ளியில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அம்மொழி அறிந்த உதவி ஆசிரியர் ஒருவர் இருக்கலாம். தமிழ் எழுத்தில் தோடரின் ஒலிகள் அடங்கா. ஆகவே எந்த எழுத்து, என்ன குறிகள் என்பதை அவர்களே முடிவுசெய்யலாம், அம்முடிவு குலப்பெரியவர்களான ஆண்களிடம் மட்டும் நின்றுவிடக் கூடாது. இவையெல்லாம் வாசலுக்கு வந்து, பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் மொழி எவ்வகையிலும் தடையாகாத நிலை உண்டானபின், தோடர் தாய் ஒருத்தி தன் மகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சொல்லக்கூடும். அப்போது அவள் சொல்லை, வருத்தத்தோடேனும், மறுபேச்சின்றி ஏற்கத்தான் வேண்டும்.