யாரிடம் வழி கேட்பது?

கடந்த தவக்காலத்தில் ஒரு நாள், மாலைச் செபம் முடிந்த வேளையில், கயத்தாற்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். பட்டப் படிப்பை முடித்து, ஈராண்டுகளாக நேர்முகத் தேர்வுகளில் தோற்றுச் சோர்ந்திருப்பவர். அவர் கையில் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி ஒன்றின் துண்டறிக்கை இருந்தது. மூன்று மாதம் தனிப்பட்ட வழிகாட்டுதல்; கட்டணம் 15,000 ரூபாய். தாயின் கம்மலை அடகு வைத்துச் சேரலாமா என்பதே அவர் கேள்வி. "சாமி, நீங்கள் சொன்னால் சேருகிறேன், வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன்" என்றார். கட்டணத்தைவிட இந்தச் சொற்களே என்னைக் கலங்கச் செய்தன.

கயத்தாற்றுக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைப்பணி ஆற்றியவர் வீரமாமுனிவர். அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை 1822இல் லண்டனில் அச்சேறியது. சிறுவர்க்கான நகைச்சுவை என்றே அதனை நாம் ஒதுக்கிவிடுகிறோம். குருவும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடந்தபின் தலைகளை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொரு முறையும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஐவரே தேறுகிறார்கள். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் பணம் பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணிக் காட்டியபோதுதான் அறுவரும் கிடைக்கிறார்கள். (கூலி வாங்கியவன் அங்கே உண்மையிலேயே உதவினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணம் வாங்கிக் கற்பிப்பவர் அனைவரும் ஏமாற்றுக்காரர் அல்லர்.)

அவர்களைப் பார்த்து நகைக்கும் நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். உறவினர் கருத்து, பங்குச் சாமியார் கருத்து, பயிற்சியாளர் கருத்து என அனைத்தையும் எண்ணிவிட்டு, மனச்சான்றோடு கடவுள்முன் நிற்க வேண்டிய நம்மை எண்ண மறக்கிறோம். பிழை குருவிடம் மட்டும் இல்லை. சிந்திக்கும் பாரத்தை இறக்கிவைக்க ஒரு தோள் வேண்டும் என்று தேடுகிறவர்க்குப் பரமார்த்த குருவே வந்து வாய்ப்பார்.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று தயங்குகிறேன். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஓர் இளைஞர் எதற்கெடுத்தாலும் என்னிடமே வருவார். எந்தப் பாடம் படிப்பது, எந்த நண்பரை விலக்குவது, அனைத்தையும் நானே சொன்னேன். அவர் வருகை எனக்கு இனித்தது. வெளியூரில் நல்ல வேலை கிடைத்தபோது, தாயைத் தனியே விடலாகாது என்றேன். மறுபேச்சின்றி ஏற்றார். அந்தத் தாய்க்கு மகன் போவதில் மனநிறைவே இருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். அவரை நான் கேட்கவே இல்லை. அந்த வேலை மீண்டும் வரவில்லை. அதற்காக அவர் என்னை ஒருபோதும் குறை கூறியதில்லை. அதுவே எனக்கு மிகவும் வலிக்கிறது.

இந்த ஆபத்தைத் திருச்சபை நன்கறியும். குருத்துவப் பட்டத்திற்கு ஒரு மாணவரை ஏற்பதா, விலக்குவதா என்ற முடிவில் ஆன்ம குருவின் கருத்தை ஒருபோதும் கேட்கலாகாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 240ஆம் எண். உள்ளத்தைத் திறந்து காட்டும் இடத்தில் அதிகாரத்தின் நிழல் விழக்கூடாது. புனித இஞ்ஞாசியாரும் தம் ஆன்மப் பயிற்சிகளில், தியானம் செய்பவரைத் துறவறத்தின் பக்கமோ பிற வாழ்வின் பக்கமோ சாய்க்காமல், தராசின் முள்போல் நடுவே நிற்குமாறு வழிகாட்டியைப் பணிக்கிறார். படைத்தவரே தம் படைப்போடு நேரடியாக உறவாடட்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகப் பக்தியும் நல்லெண்ணமும் இருந்தால் போதும் என்று எண்ணிவிட வேண்டா. அரைகுறைக் கல்வியுடைய குருக்களால் தமக்குத் தீங்கு நேர்ந்ததென்று அவிலா நகர்ப் புனித தெரேசா வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

நம் தென்கோடியிலேயே நல்ல வழிகாட்டி ஒருவர் இருந்தார். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். 1741இல் குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் அரசரின் படையில் பணியேற்ற டச்சுத் தளபதி டிலனாய். இழப்புகளால் மனமொடிந்திருந்த நீலகண்ட பிள்ளைக்கு அவர் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். நாளும் பழகிய நண்பர். தாமே ஆசானாக நிலைத்திருக்கலாம். அவரோ தம் எல்லையை உணர்ந்து, வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குருவிடம் நண்பரை அனுப்பிவைத்தார். 1745இல் அங்கே திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமான அவர், 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார். இறுதிச் சோதனையில் டிலனாய் அவர் அருகில் இருந்து சொல்லிக்கொடுக்கவில்லை. யோர்தான் கரையில் தம் சீடர் இருவர் இயேசுவின் பின்னே செல்லக் கண்ட திருமுழுக்கு யோவானும் அவர்களைத் திரும்ப அழைக்கவில்லை.

துண்டறிக்கையோடு வந்த இளைஞரிடம் நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அங்கே பயின்று முடித்த இருவரைத் தேடிப் பேசுங்கள் என்றேன். மூன்று மாதம் முடிந்தபின் அடுத்த வகுப்பு, அதற்கடுத்த வகுப்பு என்று நீளுமா என விசாரியுங்கள்; இப்பயிற்சி உங்களுக்குத் தேவையில்லை என்று யாரையேனும் திருப்பி அனுப்பியதுண்டா என்று அந்தப் பயிற்சியாளரிடமே கேளுங்கள் என்றேன். எல்லாவற்றிற்கும் முன், கம்மல் யாருடையதோ அவரிடம் பேசுங்கள் என்றேன்.

"அப்படியானால் சாமி என்னதான் சொல்கிறீர்கள்?" என்று சற்றே எரிச்சலோடு கேட்டுவிட்டுப் போனார். அதன்பின் பல ஞாயிறுகளில் அவரைத் திருப்பலியில் கண்டிருக்கிறேன். என்ன முடிவெடுத்தார் என்று அவர் சொல்லவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நா எழுகிறது, இதுவரை கேட்கவில்லை.