கடினமாகும் வினாக்கள்

அமெரிக்காவில் செவிலியராகப் பணிபுரிய அனுமதி வேண்டுவோர் எழுதும் 'என்கிளெக்ஸ்' பரீட்சையில், சரியாக விடையளித்தால் அடுத்த வினா சற்றுக் கடினமாகவும், தவறினால் சற்று எளிதாகவும் வருமாறு, 1994 முதல் கணினியே ஒவ்வொருவருடைய திறமையையும் அளந்தளந்து வினாக்களைத் தெரிந்தெடுக்கிறது. ஆகையால், நன்கு படித்தவருக்கும் ஏறத்தாழப் பாதி விடைகள் தவறிப்போவது அந்தப் பரீட்சை முறையின் சுபாவமேயன்றி அவருடைய குறையன்று; இதை அறியாமல், வினாக்கள் கடினமாகக் கடினமாக 'தோற்றுவிட்டேன்' என்று இதயம் படபடக்க, உள்ளங்கை வியர்க்க, கற்றதையெல்லாம் மறந்து தத்தளிப்போரை எண்ணுகையில் எனக்கு மிகுந்த வேதனை உண்டாகிறது. குறைந்தது 85 வினாக்கள், மிகுந்தால் 150, அவகாசம் 5 மணி நேரம். 85-இலேயே திரை நின்றுவிட்டாலும் அது அபசகுனமன்று. தேர்ச்சி உண்டா இல்லையா என்பது 95 சதவிகித நிச்சயத்துடன் கணினிக்குப் புலப்பட்டுவிட்டது என்பதே அதன் பொருள். விடையளித்த வினாவுக்குத் திரும்பிச் செல்ல அங்கே வழியில்லையாதலால், கடந்ததைப் பற்றிய சஞ்சலத்தை அங்கேயே விட்டு, மூச்சை மெல்ல வெளியே விட்டு, எதிரே வினாவாக வந்திருக்கும் நோயாளிக்கு இக்கணத்தில் முதலாவதாக எது அவசியம் என்பதை மட்டுமே சிந்திக்குமாறு, பரீட்சைக்குச் செல்லும் சகோதர சகோதரிகளை அன்புடன் வேண்டிக்கொள்கிறேன்.